துரைக்கண்ணுவை நலம் விசாரித்த கதை

காலை ஆறு மணிக்கு, ஒரு காட்டில், இருநூற்றுப் பதினேழு விலங்குகள் அவரவர் வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தபோது, துரைக்கண்ணு கொட்டாவி விட்டுவிட்டுத் தூங்கப் போனான்.

துரைக்கண்ணு ஒரு தேவாங்கு. ஆச்சா மரத்துப் பொந்து ஒன்றில் தனியாகக் குடியிருந்தான். பகலெல்லாம் தூக்கம். இருட்டிய பிறகு எழுந்து, அதே மரத்தின் கிளைகளில் அவசரமில்லாமல் நடந்து, நாலு பூச்சி பிடித்துத் தின்பான். விருந்தாளி யாரும் வருவதில்லை. இவனும் எங்கும் போவதில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தால் மொய்யை மட்டும் கொடுத்தனுப்பிவிடுகிற ரகம்.

அந்த வருஷம் மான்களிடையே ஓர் இருமல் கிளம்பியது. மானிடமிருந்து முயலுக்கு, முயலிடமிருந்து உடும்புக்கு என்று பரவியதும் சிங்கராஜாவின் ஆணை வந்தது. மறு உத்தரவு வரும்வரை யாரும் குகை, புதர், பொந்து, வளை எதையும் விட்டு வெளியே வரக் கூடாது. இரை தேட வாசலைச் சுற்றி நாலடி போய் வரலாம். சிங்கராஜாவை அந்தத் தலைமுறையில் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆணைகள் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

காடு தவித்துப் போனது. நரி குகைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து தரையில் பள்ளம் விழவைத்தது. கரடி வீட்டிலிருந்த தேனையெல்லாம் முதல் நாளே முடித்துவிட்டு, நாளைக்கு என்ன என்று மனைவியைக் கேட்டது. துரைக்கண்ணுவுக்கு மட்டும் ஊரடங்கு வந்ததே சில வாரம் கழித்துத்தான் தெரியும். மரத்தடி வளையில் குடியிருந்த முள்ளம்பன்றி அஞ்சலைதான் தகவல் சொன்னாள்.

"வெளியே போகக் கூடாதாம் தம்பி."

"எங்கே போகக் கூடாதாம்?"

"எங்கேயுமே."

"நான்தான் எங்கேயும் போறதில்லையேக்கா."

"அதைத்தான் இப்போ சட்டமாக்கியிருக்காங்க."

முதன்முறையாக ஒரு சட்டம் தன்னைக் கேட்டுப் போட்டதுபோல் இருப்பதாக துரைக்கண்ணு நினைத்துக்கொண்டான். அந்த நிம்மதி நீடிக்கவில்லை.

அடைந்து கிடப்பவர்களின் உடம்பும் மனசும் கெட்டுவிடும் என்று யாரோ சிங்கராஜாவின் காதில் போட்டார்கள். உடனே நலத் தொண்டர் படை அமைந்தது. வீடு வீடாகப் போய் விசாரிக்க ஆள் வேண்டும். ஆணையை மதித்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தார்கள். மதிக்காமல் திரிந்தவை குரங்குகள் மட்டும்தான். எனவே அவற்றின் கையில் ஆளுக்கொரு தேக்கிலையைக் கட்டித் தொண்டர்கள் ஆக்கினார்கள். வீட்டில் ஒரு நிமிஷம் உட்காரத் தெரியாதவர்கள், வீட்டில் எப்படி இருப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டார்கள்.

காலையில் குதிக்க வேண்டும். பிறகு மூச்சை இழுத்து விட வேண்டும். நடுப்பகலில் வாசலில் நின்று வெயில் காய வேண்டும். சாயங்காலம் அன்றைக்கு நடந்த நல்லது ஒன்றை ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். முதல் நாள் ஒரு மிளா மான், "இன்னிக்கு நான் இருமலை" என்று கத்தியது. மறுநாளிலிருந்து எல்லாரும் அதையே கத்தினார்கள். இருமிக்கொண்டிருந்தவர்களும் நடுவில் நிறுத்திவிட்டுக் கத்தினார்கள்.

ஆச்சா மரப் பகுதிக்கு வேதவல்லி என்ற மந்தி வந்தாள். கூடவே மேலிடம் அனுப்பிய பச்சையப்பன் என்ற கிளி. விதிகள் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். அர்த்தம் கேட்டால் கோபித்துக்கொள்வான்.

வேதவல்லி பொந்துக்குள் எட்டிப் பார்த்தாள். இருட்டில் இரண்டு பெரிய கண்கள் அவளைப் பார்த்தன.

"எப்பலேர்ந்து சார் இப்படி முழிக்கிறீங்க?"

"பொறந்ததுலேர்ந்து மேடம்."

"இவ்வளவு வருஷமா யார்கிட்டயும் சொல்லாம மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கீங்க." அவள் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவினாள். "ராத்திரி தூக்கம் எப்படி?"

"ராத்திரி தூங்கறதில்லைங்க."

"பகல்ல?"

"பகல் பூரா தூக்கம்தான்."

"நண்பர்கள்?"

"கீழே அஞ்சலை அக்கா இருக்காங்க. மாசத்துக்கு ஒரு தரம் பேசுவாங்க."

"கொஞ்சம் நடந்து காட்டுங்க."

துரைக்கண்ணு நடந்து காட்டினான். ஒரு முழம் கடப்பதற்குள் வேதவல்லி மரத்தை இரண்டு தரம் சுற்றி வந்துவிட்டாள்.

பச்சையப்பன் மூச்சு விடாமல் ஒப்பித்தான்: "கண் விரிந்திருந்தால் பயம் நடை தளர்ந்திருந்தால் சோர்வு தனித்திருந்தால் விரக்தி மூன்றும் ஒருவரிடமே இருந்தால் அடுத்த பௌர்ணமிக்குள் தேற வேண்டும் தேறாவிட்டால் பாறைக்குகை நல முகாம்."

"எனக்கு ஒண்ணும் இல்லை மேடம். தேவாங்குன்னா இப்படித்தான்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சார் சொல்வாங்க," என்று வேதவல்லி கனிவாகச் சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.

பாறைக்குகையைப் பற்றி துரைக்கண்ணுவும் கேள்விப்பட்டிருந்தான். மனம் தேறாதவர்களையெல்லாம் அங்கே ஒன்றாகப் போட்டு, கைதட்டிப் பாட வைத்தார்கள். கைதட்டுவதைவிட இருமல் சத்தம்தான் ஆச்சா மரம்வரை கேட்டது. மூலைப் புதர் முயல் போனது, திரும்பவில்லை. உடும்பு திரும்பியது, பாதி உடம்போடு.

எனவே துரைக்கண்ணு தேறுவதென்று தீர்மானித்தான். விடிந்ததும் குதித்தான். தேவாங்கு குதிப்பதைப் பார்த்து எதிர் மரத்து அணில்கள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து வரிசையாக உட்கார்ந்தன. மத்தியானம் வெயிலில் நின்றான். கண்ணில் நீர் கொட்டியது. சாயங்காலம் கத்தியபோது குரல் பக்கத்துக் கிளைவரைகூடப் போகவில்லை. ராத்திரி ஆனதும் அசதியில் சுருண்டுவிடுவான். பூச்சிகள் அவன் மூக்கின் மேலேயே நடந்து போயின. ஏற்கெனவே காட்டில் யாராவது இளைத்துப்போனால் தேவாங்கு மாதிரி ஆயிட்டியே என்பார்கள். இப்போது தேவாங்கே இளைத்தால் என்ன சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை.

"உனக்கு நிஜமாவே உடம்பு கெட்டுப் போச்சு தம்பி."

"தேறிக்கிட்டிருக்கேன்க்கா."

"பேசாம நல்லாயிருக்கேன்னு பொய் சொல்லிட்டுப் போயேன். என்னைப் பாரு. இந்தச் சின்ன வளைக்குள்ள நானும் எங்க வீட்டுக்காரரும் திரும்பிப் படுக்க இடமில்லை. நேத்து அவர் முதுகுலேர்ந்து என் முள்ளு ஆறு எடுத்தேன். வேதவல்லி வந்து கேட்டா. ரொம்ப அன்யோன்யமா இருக்கோம்னு சொன்னேன். மூணு பேருக்கு எங்களை உதாரணம் காட்டியிருக்கா."

"என் கண்ணு காட்டிக் குடுத்துடுதேக்கா."

"சுருக்கிக்கோ. பாதி மூடி, வாயை லேசா இளிச்ச மாதிரி வச்சுக்கோ. பெரிய இடத்துப் பிள்ளைங்க அப்படித்தான் இருக்கும்."

துரைக்கண்ணு தண்ணீர் தேங்கிய ஓர் இலையில் முகம் பார்த்துப் பழகினான்.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலை வேதவல்லி வந்தாள். துரைக்கண்ணு கண்ணைச் சுருக்கி, வாயை இளித்தான்.

அவள் முகம் வாடிவிட்டது. "சார், என்னை ஏன் சந்தேகமாப் பாக்கறீங்க?"

"சந்தேகம் இல்லை மேடம். சந்தோஷம்."

"கண்ணு ரெண்டும் சிவந்திருக்கு. அழுதிருக்கீங்க. யாரையும் நம்பாம, அழுதுட்டுச் சிரிக்கிறீங்க."

"முற்றிய நிலை நாளைக் காலை முகாம்," என்றான் பச்சையப்பன்.

துரைக்கண்ணு கிளையை இறுகப் பிடித்துக்கொண்டான். "மேடம், அங்கே எல்லாரும் இருமறாங்களாமே. நான் போனா திரும்ப மாட்டேன்."

"இருமல் உடம்பு சம்பந்தப்பட்டது சார். நாங்க மனசு. அது வேற பிரிவு."

இதற்கு மேல் கெஞ்சத் தெம்பில்லை. அப்போது துரைக்கண்ணுவுக்கு ஒன்று தோன்றியது. பெருந்தன்மையெல்லாம் கிடையாது. அவள் தன்னைப் பார்த்து நலமா என்று கேட்ட நாள்வரை அவன் நன்றாகத்தான் இருந்தான். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் உடம்பு கெட்டது. அதே கேள்வி இன்னொருவரை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாமே.

"நீங்க நல்லாயிருக்கீங்களா மேடம்?"

வேதவல்லி அடுத்த கிளைக்குத் தாவப் போனவள், தாவவில்லை.

"எனக்கென்ன சார். நான் தொண்டர்."

துரைக்கண்ணு அவளைப் பார்த்தான். சுருக்கிய கண் வலித்ததால் அதையும் விட்டுவிட்டான். பெரிய கண்கள் இரண்டும் இமைக்காமல் அவள் மேல் நின்றன. தூக்கக் கலக்கத்தில் வேறு பக்கம் திரும்பக்கூட அவனால் முடியவில்லை.

வேதவல்லி மெல்ல உட்கார்ந்தாள். வால் கிளைக்குக் கீழே அசையாமல் தொங்கியது.

"ஊரடங்கு போட்ட முதல் நாள் நானும் வீட்லதான் சார் உக்காந்தேன். சாயங்காலம் எங்க அக்கா இருமினா. ஒரே ஒரு தரம். நான் எழுந்து வந்துட்டேன். அதுக்கப்புறம் எங்கேயும் உக்காரலை. உக்காந்தா அந்தச் சத்தம் கேக்குது."

"அக்கா எப்படி இருக்காங்க?"

"தெரியாது சார். காட்ல எல்லாரையும் கேட்டுட்டேன். அவளைக் கேக்கலை."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். நிறுத்தி நிறுத்தி, கையில் கட்டியிருந்த தேக்கிலையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு அழுதாள். கீழே அஞ்சலை வளையிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டாள். துரைக்கண்ணு அவளைப் பார்த்தபடியே இருந்தான். கடைசியில் அவள், "இவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்துக்கிட்டே இருந்ததில்லை சார்," என்றாள்.

இந்த இடத்தில், நல்ல கதையாக இருந்தால், வேதவல்லி மனம் மாறி இருவரும் நண்பர்களாகியிருப்பார்கள். பச்சையப்பன் தொண்டையைச் செருமினான்.

"கண் சிவந்திருத்தல் வால் தளர்ந்திருத்தல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருத்தல் மூன்றும் ஒருவரிடமே. முற்றிய நிலை. நாளைக் காலை முகாம்."

"டேய், நான் உன் மேலதிகாரிடா," என்றாள் வேதவல்லி.

"விதியில் அப்படி விலக்கு இல்லை மேடம்." அவன் துரைக்கண்ணு பக்கம் திரும்பினான். "நோயைக் கண்டுபிடித்தவர் நீங்கள். தொண்டர் இடம் காலியானால் கண்டுபிடித்தவருக்கு. தொண்டர்களுக்குப் பரிசோதனை கிடையாது."

"எனக்கு முகாம்?"

"தொண்டருக்கு எதற்கு முகாம்?"

ஈரமான தேக்கிலை துரைக்கண்ணுவின் கைக்கு மாறியது. வேதவல்லியைப் பார்க்க அவனுக்குச் சங்கடமாக இருந்தது. நன்றாக ஒரு தரம் வருத்தப்பட வேண்டும் என்று நினைத்தான். தூக்கம் வந்துவிட்டதால் அதை ஒத்திவைத்தான்.

வேதவல்லி மறுநாள் பாறைக்குகைக்குப் போனாள். அங்கே, முன்பே கொண்டுவரப்பட்ட அவள் அக்கா இருமிக்கொண்டே யாருக்கோ பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கையைக் கண்டதும், "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உக்காரு," என்று தலையைப் பிடித்து மடியில் அழுத்தினாள். வேதவல்லிக்கும் இருமல் வந்தது. பிழைத்துக்கொண்டாள்.

தொண்டர் துரைக்கண்ணு பகல் முழுவதும் தூங்கினான். குதிக்கச் சொல்லி யாரும் வரவில்லை. வர வேண்டியவன் அவன்தான். இருட்டிய பிறகு எழுந்து, பூச்சி பிடித்துத் தின்று, உடம்பு தேறினான். முதல் வேலையாக அஞ்சலையின் வளைக்குப் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

"அக்கா, நல்லாயிருக்கீங்களான்னு கேக்கணும்."

"கேக்காதே தம்பி."

"சரிக்கா."

அடுத்த வீடுகளில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எழுப்பாமல் திரும்பிவிட்டான். இப்படியே அந்தப் பகுதியில் யாரும் விசாரிக்கப்படாமல் போனார்கள். ஆச்சா மரப் பகுதியில் மனம் கெட்டவர் ஒருவர்கூட இல்லை என்று பச்சையப்பன் மேலிடத்தில் ஒப்பித்தான். துரைக்கண்ணு கையாளும் முறை என்ன என்று கேட்டுவர மேலிடத்திலிருந்து இரண்டு நரிகள் வந்தன. பகலில் வந்ததால் சந்திக்க முடியவில்லை.

ஆவணி மூன்றாம் தேதி ஊரடங்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. நலத் தொண்டர் படை விலக்கிக்கொள்ளப்படவில்லை.

நீதி: உடம்பும் மனசும் நலமாக இருக்க வேண்டுமானால், அடுத்தவர் நலமா என்று விசாரிக்கும் வேலையில் சேர்ந்துவிட வேண்டும், சேர்ந்த பிறகு விசாரிக்கக் கூடாது.