இரும்பின் அந்தப் பக்கம்

அறுபதுகளின் பெங்களூரில், எந்தக் காதுக்கும் கேட்காத சத்தத்தோடு குடும்பம் நடத்தியவர் எங்கள் 'கறுப்புத்துணி' ஒருவர்தான். தொழிற்சாலையில் சரக்குகளைச் சோதிக்கும் பிரிவில் எனக்குப் பக்கத்து மேஜை. மர்பி டவுனிலிருந்து சைக்கிளில் வருவார். பாதி நாள் அதை மறந்துவிட்டு நடந்தே வீடு திரும்புவார்.

இரும்புக்குள் ஓட்டை, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க காதுக்குக் கேட்காத சத்தத்தை அனுப்பும் அல்ட்ராசானிக் மெஷின் ஒன்று வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திருந்தது. எண்ணெய் தடவி ஒரு சின்னக் குமிழை இரும்பின்மேல் வைத்தால், சத்தம் உள்ளே போய் அந்தப் பக்கத்தில் மோதித் திரும்பும். திரையில் பச்சைக் கோடு ஓரிடத்தில் முளையாக எழும்பும். நடுவில் ஓட்டை இருந்தால் அதற்கு முன்னாலேயே இன்னொரு முளை. வெளிச்சத்தில் திரை தெரியாததால், தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொள்வார்; பெயரும் அப்படி வந்ததுதான். உள்ளே போனவர் லேசில் வரமாட்டார். ஒருநாள் நான் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் அப்படியே நிற்கிறார். "உள்ள சினிமா ஓடுதா சார்?" என்றேன்.

"இல்லப்பா. புல்லு மொளைச்சிருக்கு."

மேல்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் சத்தம் வாசலிலேயே சிதறி, திரை முழுக்கப் புல்தரை மாதிரி குட்டிக் கோடுகள்தான் வரும். அதனால் முதலில் கண்ணை மூடிக் கன்னத்தை இரும்பில் உரசிப் பார்ப்பார். கீறல் இல்லாத கன்னத்தோடு அவரை நான் பார்த்ததே இல்லை. ஃபேக்டரியில் பூனை வளர்க்கிறீர்களா என்று அவர் மனைவி என்னிடம் விசாரித்திருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை, அணைக்கட்டு ஒன்றுக்குப் போகவேண்டிய பெரிய இரும்புத் தண்டு வந்தது. மேலெல்லாம் சம்மட்டித் தழும்பு; திரையில் வெறும் புல்தான். லாரி வாசலில் நின்றது. எங்கள் ஃபோர்மன் மைசூர்க்காரர், கோபக்காரர். ஓட்டைக்கான முளை எதுவும் தெரியவில்லையே, கையெழுத்துப் போடும் என்றார்.

"அந்தப் பக்கமே தெரியல சார். ஓட்டை இல்லேன்னு எப்படிச் சொல்றது?"

போடாவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார் ஃபோர்மன். தேய்க்கலாமென்றால் கிரைண்டர் மோட்டார் எரிந்து கிடந்தது. சட்டையைக் கழற்றி மாட்டினார் கறுப்புத்துணி. அரமும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு, ஏதோ கனவில் இருப்பவர் போல, தண்டின்மேல் ஏறி உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார். முதலில் சிரித்தோம். பிறகு நானும் ஒரு தாளை எடுத்தேன். இன்னும் இருவர் வந்தார்கள். மத்தியானத்துக்குள் ஃபோர்மனே முணுமுணுத்தபடி தேய்த்துக்கொண்டிருந்தார். தண்டின் நீளத்துக்கு ஒரு பட்டை, அல்சூர் ஏரியில் காலை வெயில் படுகிற மாதிரி மினுங்கியது.

எண்ணெய் ஊற்றித் துணிக்குள் போனார். லேத்துகளை நிறுத்திவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். பச்சை வெளிச்சம் துணியின் ஓரத்தில் கசிந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"சுத்தமா இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல."

ஃபோர்மனுக்குக் கோபத்தில் கன்னடம் கலந்துவந்தது. "ஏன்ரீ, இதத்தானே காலையில நான் சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்க சார். இப்பத்தான் இரும்பு சொல்லுது."

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்டில் சாய்ந்து உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். கிரேன் கொக்கி இறங்கியது. ஃபோர்மன் கையைத் தூக்கி அதை நிறுத்தினார். லாரிக்காரர் ஹாரன் அடிக்கப் போனார்; நாங்கள் நாலு பேர் ஓடிப்போய்த் தடுத்தோம்.