பூசின குழியும் ஒரு மூட்டை மக்காச்சோளமும்

வேணும்னு பண்ணல.

முதல்ல இதைப் படி. படிச்சுட்டியா, இன்னொரு தரம் படி. வேணும்னு பண்ணல. மூணாவது தடவையும் எழுதுன்னா உங்கக்கா பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அச்சாபீஸ்ல இத்தனை வருஷம் பிழை திருத்தினவ இல்லியா, ஒரே வார்த்தை திரும்பத் திரும்ப வந்தா அவ கைக்கு ஆகாது. நான் மூணாங்கிளாஸோட கொத்து வேலைக்கு வந்து கரணையைப் பிடிச்சவன். எனக்குச் சொல்லத்தான் தெரியும். அவளுக்கு எழுதத் தெரியும். அதனால கோபம் என்னோடது, கையெழுத்து அவளோடது, குழப்பிக்காத.

அன்புள்ள தம்பிக்கு, உன் மாமா சொல்லச் சொல்ல அக்கா எழுதுவது. இங்கு இருவரும் நலம். நீயும் உன் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பாத்தியா, நான் சொல்லாததை எழுதிட்டா. நான் நலம்னு யார் சொன்னா? என் வாயெல்லாம் புண்ணு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

மச்சான், நீ என்ன கேட்ட? "மாமா, பின்பக்கம் இடுப்பளவுக்கு ஒரு குழி தோண்டிக் குடுங்க, நல்ல கல்லா ஒரு கூடை பொறுக்கி வையுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்." இவ்வளவுதான் கேட்ட. கப்பல்ல காலம் பூரா கரண்டி பிடிச்சவன், முழங்கால் போயி கரைக்கு வந்தாச்சு, பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருக்கிற ஓட்டல்காரர் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பாத்து, பிடிச்சிருந்தா உனக்கு அவர் சமையல்கட்டைக் குடுக்கறதா பேச்சு. நீயும் ராத்திரி பகலா அதே நினைப்பா இருந்த. பசிபிக் கடல் தீவுல எல்லாம் ஊரே சேந்து ஒரு குழியில கல்லைக் காய வெச்சு, கோழி, மீன், கிழங்கு, கதிர் எல்லாத்தையும் இலையில சுத்திப் புதைச்சு, மேல ஈரச்சாக்கு போட்டு மண்ணு தள்ளி, அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு நீ கையை ஆட்டி ஆட்டிச் சொன்னப்ப உங்கக்கா வாயைத் திறந்தவ மூடல. நான் கேட்டேன், "பொதைச்சதைத் திரும்ப எடுப்பாங்களா, இல்ல அப்படியே கும்பிட்டுட்டு வந்துடுவாங்களா"ன்னு. நீ முறைச்ச. கேலி பண்றதுக்கும் கெடுக்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நீ?

சரி, கேளு. நீ தேங்காயும் அன்னாசியும் வாங்க வெள்ளிக்கிழமையே வெளியூர்ச் சந்தைக்குப் போயிட்ட. நான் குழி தோண்டினேன். தோண்டி முடிச்சு எட்டிப் பாத்தா சுவரெல்லாம் பொலபொலன்னு உதிருது. ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் மேடு. நாய் பறிச்ச மாதிரி இருக்கு. என் கையால எத்தனை வீடு நிமிந்து நிக்குது, எம் பொண்டாட்டியோட தம்பிக்கு, அவன் பொழப்புக்கு, நான் குடுக்கிறது இதுதானா? ஓட்டல்காரர் எட்டிப் பாத்து, "கொத்தனார் வீட்டுக் குழியா இது"ன்னு கேட்டா நான் முகத்தை எங்க கொண்டு போயி வைப்பேன்? மனசு கேக்கல. தூக்குக்குண்டு விட்டேன். ரசமட்டம் வெச்சேன். மணலைச் சலிச்சேன். சுத்தி வரப் பூசினேன், அடியில பூசினேன், மூலையே தெரியாம வட்டம் உருட்டினேன், கடைசியா சிமெண்டுப் பால் அடிச்சு இழைச்சேன் பாரு, மச்சான், குனிஞ்சா மொகம் தெரியும். விளிம்புல ஒரு பட்டையும் விட்டேன், அழகுக்கு. அந்த மாதிரி பூச்சு நான் ஜட்ஜு வீட்டுக் குளியலறைக்குக்கூடப் பூசினது கிடையாது.

பூசினா என்ன பண்ணணும்? தண்ணி விடணும். சித்தாளுக்குக்கூடத் தெரியும். பூச்சு காயக் கூடாது, ஈரமாவே இருந்தாத்தான் இறுகும். காலையில விட்டேன், சாயந்தரம் விட்டேன், ஈரச்சாக்கைப் போட்டு மூடி வெச்சேன். நீ பொறுக்கச் சொன்ன கல்லையும் சுத்தமா இருக்கட்டும்னு அதே குழியில தண்ணியில ஊறப் போட்டேன், நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் தண்ணியை இறைச்சுக் கல்லை வெளிய எடுத்தேன். வாய்க்குள்ள போற சமாச்சாரத்தோட படுக்கிற கல்லு, அழுக்கா இருக்கலாமா?

நீ ஞாயித்துக்கிழமை காலையில வந்த. ஈரச்சாக்கைப் பாத்த. "பரவாயில்லையே மாமா, சாக்கு நனைச்சே வெச்சுட்டீங்களே"ன்ன. சாக்கைத் தூக்கின, உள்ள பாத்த, "அடேங்கப்பா, பளபளன்னு இருக்கே"ன்ன. இதைச் சொன்னது நீ. உன் வாய். அப்பவே "ஐயோ மாமா, சிமெண்டா"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா என் பொழப்பு இப்படிப் போயிருக்காது. நான் கொத்தனார், எனக்கு அடுப்பு தெரியாது. நீ சமையக்காரன், உனக்குச் சுவர் தெரியாது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பெருமையாப் பாத்துக்கிட்டு நின்னோம்.

(தம்பி, அக்கா எழுதுகிறேன். இதுவரை அவர் சொன்னது உண்மை. நானும் அந்தக் குழியைப் பார்த்துப் பாராட்டினேன். அதனால் இந்தப் பத்தியில் எனக்கும் பங்கு உண்டு.)

விறகை அடுக்கின, கல்லை மேல போட்ட, பத்த வெச்ச. கொஞ்ச நேரம் சும்மா புகைஞ்சுது. அப்புறம் தண்ணி குடிச்சிருந்த கல்லுல முதல் கல்லு வெடிச்சுது பாரு, லாரி டயர் போன மாதிரி. அடுத்து சுவர். பட்டு, பட்டுன்னு பூச்சு பெயர்ந்து பறக்குது. பக்கத்து வீட்டு ரிட்டையர்டு போலீஸ்காரர் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் தரையோட தரையா படுத்துட்டாரு, படுத்துக்கிட்டே "எல்லாரும் கீழ படுங்க"ன்னு சத்தம் போட்டாரு. உங்கக்கா அன்னாசியை மடியில வெச்சுக்கிட்டே படுத்தா. நீ மட்டும் நின்னுக்கிட்டு என்னைப் பாத்த. நான் சிரிச்சேன். ஆமா, சிரிச்சேன். பயத்துல வர்ற சிரிப்புன்னு ஒண்ணு இருக்கு, அது எனக்குப் பிறவியில இருந்து இருக்கு, சாவு வீட்டுல எல்லாம் என்னைப் பின்னாடி உக்கார வைப்பாங்க. அதை வெச்சு நீ முடிவு கட்டிட்ட.

நல்லவேளை, நீ விடல. வெடிச்சது போக மிச்சக் கல்லு சூடா இருக்குன்னு நெருப்பைத் தள்ளிட்டுப் பொட்டலத்தை எல்லாம் இறக்கின. தேங்காப்பால்ல ஊறின கோழி, சேம்பிலையில மடிச்ச மீன், அன்னாசித் துண்டு, கிழங்கு, மேலாப்புல தோலோட மக்காச்சோளம். மூடின. ஓட்டல்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நாற்காலியில உக்காந்தாரு. அவர் முன்னாடி மண்ணைத் தள்ளின, சாக்கை எடுத்த. வாசனை வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், தெருவே திரும்பிப் பாத்துச்சு. இலையைப் பிரிச்ச. மடிப்புக்குள்ள எல்லாம் பெயர்ந்த பூச்சு இறங்கியிருக்கு. கோழி மேல சிமெண்டு. மீன் மேல சிமெண்டு. தேங்காப்பால் எல்லாம் சாம்பல் நிறமா கெட்டியா இருக்கு, கரணை இருந்தா நானே ஒரு சுவர் பூசிடுவேன். அவர் மரியாதைக்கு ஒரு துண்டு வாயில போட்டாரு. கடக்குன்னு ஒரு சத்தம். அவர் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் மெதுவா ஒரு கதிரை எடுத்துத் தோலை உரிச்சாரு. தோலுக்குள்ள இருந்ததால அது மட்டும் சுத்தமா, தங்கமாட்டம் இருந்துச்சு. அதைத் தின்னாரு, இன்னொண்ணு எடுத்துத் தின்னாரு, கையைத் தொடைச்சுட்டு "யோசிச்சுச் சொல்றேன்"னு போயிட்டாரு.

அவர் வாசல் தாண்டல, நீ என் பக்கம் திரும்பின. "வேணும்னே பண்ணீங்க. என் பொழப்பு உங்களுக்கு விளையாட்டாப் போச்சு. அன்னிக்குச் செங்கல் வெச்சீங்க, இன்னிக்குச் சிமெண்டு பூசினீங்க."

செங்கல் கதை வேற மச்சான். நீ முதமுதல்ல கப்பலுக்குப் போறப்ப உன் பெட்டிக்கு அடியில நான் ஒரு செங்கல்லை வெச்சேன். வெச்சேன், இல்லைன்னு சொல்லல. நீ அதைத் துணியோட கனம்னு நினைச்சுக் கடல் கடலா தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச, அப்புறம் தூக்கிப் போட மனசு வராம கப்பல் சமையல்கட்டுக் கதவுக்கு முட்டுக் குடுத்து வெச்ச, இப்ப கரைக்கு வந்தப்ப அதையும் பெட்டியில போட்டுக் கொண்டு வந்து என் முன்னாடி வெச்சுச் சிரிச்ச. நானும் சிரிச்சேன். அது விளையாட்டு. ஒரு செங்கல்லை எடுத்து வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? விளையாட்டுக்கு யாராச்சும் மணல் சலிப்பானா? விளையாட்டுக்கு யாராச்சும் வட்டம் உருட்டி, பால் அடிச்சு, பட்டை விடுவானா? என் இடுப்பு இன்னும் நிமிரல. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உனக்கு ஒழுங்கா ஒரு வேலை பண்ணேன், அதுக்குத்தான் திட்டு வாங்கினேன்.

அதுகூடப் போகட்டும். நீ கோவிச்சுக்கிட்டுப் பெட்டியைத் தூக்கின. வாசப்படியில நின்ன. பெட்டியைக் கீழ வெச்சுத் திறந்து, துணிக்கு அடியில கையை விட்டு, நான் இன்னொரு செங்கல் வெச்சிருக்கேனான்னு தடவிப் பாத்த. உன் பழைய செங்கல் மட்டும்தான் இருந்துச்சு. மூடிட்டுப் போயிட்ட. வெடிச்சது எனக்குப் பெருசில்ல. அந்தத் தடவிப் பாத்தது இருக்கே, அதைத்தான் நான் இன்னும் மென்னுக்கிட்டிருக்கேன்.

மெல்லறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நீ வாங்கிப் போட்டுட்டுப் போன அந்த ஒரு மூட்டை மக்காச்சோளம். "என் தம்பி வர்ற வரைக்கும் இந்த வீட்டுல இதுதான் சாப்பாடு"ன்னு உங்கக்கா சொல்லிட்டா. காலையில வேக வெச்ச சோளம், மத்தியானம் சுட்ட சோளம், சாயந்தரம் தேங்காப்பால்ல நீந்துற சோளம். அன்னாசிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு, எடுத்துப் பாத்தா சோளம். அரைச்சு ஒரு கஞ்சி, வார்த்து ஒரு அடை, "தீவுல இப்படித்தான் சாப்பிடுவாங்களாம், என் தம்பி சொன்னான்." உன் தீவுக்காரங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, அவங்க ஊர் கூடித் திங்கிறாங்க. இங்க நான் ஒருத்தனே ஊர் மொத்தத்துக்கும் திங்க வேண்டியிருக்கு. என் பல்செட்டு இதுக்குக் கட்டினதா? நேத்து ஒரு கதிரைக் கடிச்சு இழுத்தேன், பல்செட்டும் கதிரோட போயிடுச்சு. கதிரைத் தூக்கிப் பிடிச்சுப் பாக்கிறேன், ரெண்டு வரிசை பல்லு, பத்து வரிசை சோளம். எது என்னோடதுன்னு கண்ணாடி போட்டுத்தான் கண்டுபிடிச்சேன்.

(பல்செட் கதிரோடு போனது உண்மை. ஆனால் அது அவர் தின்ற மூன்றாவது கதிர். நான்காவதையும் கேட்டார்.)

அதை எதுக்கு எழுதற? நான் சொல்றதை மட்டும் எழுது.

முடிவாச் சொல்றேன் மச்சான். நம்பாதவன் வீட்டுக்கு வர வேணாம். உனக்கு வேணும்னா கோவிச்சுக்கிட்டுப் போயி எடுத்தியே, அந்த வாடகை ரூம்லயே ஸ்டவ்வுல முட்டையை வேக வெச்சுத் தின்னு. ஓட்டல்காரரை நான் கண்ணால பாக்கல, பாக்கவும் மாட்டேன். குழியை மூடிட்டேன். மண்ணைத் தள்ளி, மிதிச்சு, மேல செடியும் வெச்சாச்சு. இனிமே இந்த வீட்டுல குழிங்கிற பேச்சே

தம்பி, இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். வாக்கியம் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். பிழையைத் திருத்தலாம், பொய்யைத் திருத்த முடியாது. மூடின குழிக்குள்ளிருந்து தினமும் காலையில் உளிச் சத்தம் எப்படி வரும்? செடி வைத்தவர் ஏன் மொட்டைமாடியில் கல்லைப் பரப்பி, மழை தூறினால் என் புடவையை எடுத்துப் போர்த்துகிறார்? கேட்டால், "நீ எழுது, நான் சொல்றேன்" என்கிறார். பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டேன். எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது. சோளம்தான்.

பின் குறிப்பு.

போயிட்டா. கூப்பிட்டேன், திரும்பல. இது என் கையெழுத்து, மெதுவாப் படி.

குழி இருக்கு. பூச்சு முழுக்கக் கொத்தி எடுத்தாச்சு. நான் பூசினதை நானே கொத்தினது இதுதான் முதல் தடவை. இப்ப வெறும் மண்ணு. நாய் பறிச்ச மாதிரிதான் இருக்கு, உனக்கு அதுதானே வேணும்? தண்ணி ஒரு சொட்டு விடல. கல்லு எல்லாம் வெயில்ல காயுது.

ஓட்டல்காரரைப் பாத்தேன். அவர் கடைக்கே போனேன். தப்பு கொத்தனார் மேல, சமையக்காரன் மேல இல்லைன்னு நாலு பேர் முன்னாடி சொன்னேன். அவர் பல்லுக்கு ஒண்ணும் ஆகல. அந்தச் சோளத்தை மறக்க முடியலியாம். வர்ற ஞாயித்துக்கிழமை மத்தியானம் திரும்ப வர்றாரு. உங்கக்காவுக்கு இது தெரியாது. தெரிஞ்சா சோளத்தை நிறுத்திடுவா, நிறுத்தினா ஞாயித்துக்கிழமை சமைக்க உனக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால சீக்கிரம் நீயே வந்து சொல்லு.

ஆசீர்வாதம் எல்லாம் அவதான் அழகா எழுதுவா. அவ இல்ல, நீயே போட்டுக்கோ. இது மன்னிப்பு கேட்டு எழுதினது இல்ல, கோபம் அப்படியேதான் இருக்கு.

வரும்போது அந்தச் செங்கல்லை எடுத்துட்டு வா. கப்பல் அடுப்புக்குப் பக்கத்துலயே கிடந்து காஞ்சது, அது வெடிக்காது. குழி விளிம்புல அதுக்கு மட்டும் இடம் விட்டு வெச்சிருக்கேன்.