பத்தாவது குண்டு

“போச்சு! மறுபடியும் ஒண்ணு ஓடிப்போச்சு!”

ஆர்லோ ஹௌகன் சுடும் இடத்திலிருந்து அறுநூறு கெஜத்துக்கு அப்பால், மண்மேட்டின் அடியில் நின்று அலறினார். கையில் அப்போதுதான் இலக்குப் பலகையிலிருந்து உரித்தெடுத்த வெள்ளைத் தாள். அதன் நடுவே ஒரு சின்னக் கிழிசல். உள்ளே எத்தனை குண்டு போயிருக்கிறது என்று எண்ணவே முடியாதபடி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ஆனால் ஒரு சாண் தள்ளி, தன்னந்தனியாக, திமிராக இன்னொரு துளை.

சுட்டது பத்து. வெளியே ஒன்று. ஆகவே உள்ளே ஒன்பது. கணக்கில் ஒரு குறையும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

“பத்துல ஒம்போது உள்ள போயிருக்கே, பத்தாதாடா?” என்றார் தன் தாளை எடுக்கக் கூடவே வந்திருந்த, பக்கத்துத் தடத்தில் சுடும் மெர்ல் டக்கெட். இருவரிடமும் ஒரே ரகத் துப்பாக்கி, ஒரே அளவுக் குண்டு. மெர்லின் தாள் மட்டும் சல்லடையாக இருக்கும். அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போகிற மனிதர் அவர்.

“பத்தாதுடா. கிளப் பலகையில ஒம்போதுக்குப் பேரு எழுத மாட்டாங்க.”

அமெரிக்காவின் மொன்டானாவில் லூயிஸ்டவுனுக்கு வெளியே இருக்கும் அந்தத் துப்பாக்கி கிளப்பில், வெற்றி பெற்றவர் பெயரை மரப்பலகையில் செதுக்குவார்கள். ஆர்லோ வருஷா வருஷம் இரண்டாவதாக வந்து, அடுத்தவர் பெயர் செதுக்கப்படுவதைக் கைதட்டிப் பார்த்தவர். இந்த ஆகஸ்ட் போட்டியில் தன் பெயர் ஏறியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கிளப்புக்கு அவர் உழைத்த உழைப்பு கொஞ்சமா? ஏப்ரலில், மேட்டில் கிடக்கும் கல்லில் குண்டு பட்டுத் தெறித்தால் யாருக்காவது ஆபத்து என்று அத்தனை கல்லையும் தன் டிராக்டரிலேயே கட்டி இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். அன்றைக்கு மெர்ல் பல்வலி என்று வரவில்லை.

கடையில் விற்கிற தோட்டாவைத் தொடுவது ஆர்லோவுக்கு, வீட்டு விருந்தில் ஓட்டல் சோற்றைப் பரிமாறுவது மாதிரி. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைத் தேய்த்துக் கழுவி, வெடிமருந்தைத் துகள் துகளாகத் தராசில் நிறுத்துப் போட்டு, குண்டை அழுத்திப் பொருத்தி, ஒவ்வொரு தோட்டாவையும் தன் கையாலேயே செய்வார். அப்படிச் செய்த பத்தில் ஒன்று சனிக்கிழமைதோறும் ஓடிப்போனால் மனிதனுக்குத் தூக்கம் வருமா?

முதலில் காற்றின் மேல் சந்தேகம் வந்தது. மின்விசிறிக் காற்றில் தராசு ஆடுகிறது என்று வீட்டிலுள்ள விசிறிகள் அனைத்தையும் நிறுத்தினார். ஜூலை வெயிலில் அவர் மனைவி வெல்டா வியர்த்து வழிந்தபடி வந்து நின்றாள்.

“என்னய்யா இது? வீடா, அடுப்பா?”

“மூச்சை அந்தப் பக்கமா விடு வெல்டா. தராசு ஆடுது.”

சனிக்கிழமை. பத்து சுட்டார். ஒன்று ஓடிப்போயிருந்தது.

அப்படியானால் கூட்டில் ஈரம்! கழுவிய பித்தளைக் கூடுகளைத் தட்டில் பரப்பி வெல்டாவின் கேக் அடுப்பில், இளஞ்சூட்டில் காய வைத்தார். வைத்ததை அவளிடம் சொல்ல மறந்தார். அவள் பழக் கேக்குக்காக அடுப்பை முழுச் சூட்டில் ஏற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து வீறிட்டாள்.

“ஐயோ! வெடிக்கப்போகுது!”

“வெறும் கூடுடி, வெடிக்காது!” என்று ஓடிவந்த ஆர்லோ தட்டைப் பார்த்ததும் அவளைவிடப் பலமாக வீறிட்டார். சூட்டில் கூடுகள் நிறம் மாறி, இளகி, குப்பைக்குத்தான் லாயக்காகக் கிடந்தன. வருஷக்கணக்காகப் பொறுக்கிச் சேர்த்த ஒரே எடைக் கூடுகள்.

“ஏண்டி, சுடறதுக்கு முன்னாடி உள்ள பாக்க மாட்டியா?”

“என் அடுப்புல என்ன இருக்குன்னு நான் எதுக்குய்யா பாக்கணும்?”

புதுக் கூடுகள் வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தச் சனிக்கிழமையும் ஒன்று ஓடியது.

மூன்றாவதாக, நிலவறையில் அவர் மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ஃப்ரீசர் பெட்டி மாட்டிக்கொண்டது. அதன் மோட்டார் உறுமும்போதெல்லாம் தராசின் எண்கள் துள்ளுவதைக் கண்டுபிடித்துவிட்டார்! பிளக்கைப் பிடுங்கினார். எண்கள் அசையாமல் நின்றன. அந்த ஆனந்தத்தில் பிளக்கை மறுபடி செருக மறந்தே போனார்.

நாற்றம்தான் வெல்டாவிடம் போய்ச் சொன்னது. போன இலையுதிர் காலத்தில் வேட்டையாடி, வெட்டிப் பொட்டலம் கட்டி வைத்திருந்த முழு எல்க் மான் உள்ளே குழைந்து கிடந்தது. வெல்டா கத்தவில்லை. அதுதான் ஆர்லோவுக்குப் பகீரென்றது.

“அந்த எல்க்கை யாரு சுட்டது?” என்றாள் மெதுவாக.

“நீதான்.”

“எதால சுட்டேன்?”

“கடைத் தோட்டாவால.”

“ஒரே வெடி. அது ஓடிப்போச்சா?”

“இல்ல.”

“இங்க பாரு ஆர்லோ. போட்டிக்கு முன்னாடி வர்ற சனிக்கிழமையும் ஒண்ணு ஓடிச்சுன்னா, உன் மேசை, தராசு, தோட்டா அழுத்துற மிஷின் எல்லாம் வெளியே. அந்த ரூம்ல என் தையல் மிஷின் உக்காரும்.”

அந்தக் கடைசிச் சனிக்கிழமை ஆர்லோ தாளை மாட்டிவிட்டு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மெர்ல் வழக்கம்போல் துப்பாக்கிக் குழாய் சூடேற மேட்டுப் பக்கம் ஒரு வெடி வெடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆர்லோ சுட்டார். பத்தும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் போயின. ஒன்றுகூட ஓடியிருக்க முடியாது என்று சத்தியம் செய்திருப்பார்.

போய்ப் பார்த்தால், ஒரு சாண் தள்ளி அதே துளை.

ஆர்லோ தாளை அப்படியே மண்ணில் போட்டார். கண் கலங்கிவிட்டது.

“மெர்ல், இந்தத் துப்பாக்கிச் சனியனை நீ எடுத்துக்கடா. இருக்கிற தோட்டாவையும் எடுத்துக்க. உன் பழைய துப்பாக்கியைக் குடு, கூட ஏதாவது போட்டுக் குடு.”

“டேய், நிஜமாவா? எங்கிட்ட பனி தள்ளுற மிஷின்தான்டா இருக்கு.”

“அதைக் குடு.”

அதை வண்டியிலிருந்து இறக்கியபோது வெல்டா வாசலில் நின்றிருந்தாள். “ஆகஸ்ட் மாசத்துல பனி மிஷினா? உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?”

போட்டியன்று தாள் ஏற்றுவதற்கு முன்பே எல்லாரும் வெறும் மேட்டில் சுட்டுக் குழாயைச் சூடேற்றிக்கொள்வது வழக்கம். அதன்பின் தாள்கள் ஏறின. ஆர்லோ மெர்லின் பழைய துப்பாக்கியால் சுட்டுக் கடைசிக்கு முந்தின இடத்தைப் பிடித்தார். அதுகூட வலிக்கவில்லை. மெர்லின் தாளைப் பலகையில் மாட்டினார்கள். நடுவே ஒரே கிழிசல். சுற்றிலும் வெள்ளை வெளேர்.

“பத்தும் உள்ள!” என்று நடுவர் கத்தினார்.

ஆர்லோ எழுந்து ஓடினார். கிட்டே போய்த் தாளின் மூலைகளைத் தேடினார். திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தார். “அந்த ஒண்ணு எங்க? அந்த ஒண்ணு எங்கடா?”

“என்னத்தடா தேடுற? துப்பாக்கியாடா இது! தேவதைடா!” என்று மெர்ல் அவரைக் கட்டிக்கொண்டு குதித்தார். பலகையில் மெர்லின் பெயரைச் செதுக்க உளியை எடுத்தார்கள்.

ஆர்லோ வெல்டாவின் பக்கத்தில் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். “துப்பாக்கி மேல தப்பில்ல. தோட்டா மேல தப்பில்ல. நான்தான். என் கைதான் நடுங்குது. நீ தையல் மிஷினைக் கொண்டுவந்து போட்டுக்க.”

வெல்டாவுக்கே பாவமாகிவிட்டது. “ஓரமாத்தான் போடுவேன். நீ முதல்ல சாப்பிடு.”

மெர்லின் மனைவி நோரீன் ஹக்கிள்பெரிப் பழக் கேக்கை வெட்டி இருவருக்கும் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். வெல்டா மனசாரக் கைகொடுத்தாள். “உன் வீட்டுக்காரருக்கு என்ன கண்ணு!”

“கண்ணா? நல்லா சொன்ன போ! முதல் வெடிக்கு அந்த ஆளு கண்ணாடியே போடமாட்டாரு. குழாய் சூடேத்தத்தானே, அதுக்கெதுக்குக் கண்ணாடிம்பாரு. மேட்டுல உங்க தடத்துக்கு நேரா ஒரு வெள்ளைப் பாறை இருக்குல்ல, மங்கலா வெள்ளையா தெரிஞ்சா போதும், அதுல ஒண்ணு போடுவாரு. வருஷக்கணக்கா இதே பழக்கம். இந்தக் கோடைல ஒரு சனிக்கிழமைகூடத் தப்பலன்னு பெருமை வேற.”

“வெள்ளைப் பாறையா?” என்றாள் வெல்டா. “அதை இவரு ஏப்ரல்லயே டிராக்டர்ல இழுத்துட்டு வந்துட்டாரே! எங்க தபால்பெட்டிக்கு அதுதான் முட்டு.”

ஆர்லோவின் கையிலிருந்த முள்கரண்டி பாதி வழியில் நின்றது. நோரீன் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அடக் கடவுளே! அப்போ இந்தக் கோடை முழுக்க அவரு சுட்டுக்கிட்டிருந்த அந்த வெள்ளை எது?”