கூரா: பொருளும் பயன்பாடும்

"அப்பா, உங்க ஆஸ்பத்திரி வாசல் சுவத்துல இருக்கிற அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று மருத்துவமனைத் தட்டச்சரை அவர் மகள் ஒரு நாள் கேட்டாள். மனித குலத்தின் மகத்தான ஆய்வுகள் எல்லாம் இப்படித்தான் தொடங்குகின்றன.

'கூரா.' லத்தீன் சொல். பித்தளை எழுத்துகள். துப்புரவு அக்கா தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பாள். தட்டச்சருக்கு அர்த்தம் தெரியவில்லை, கண்காணிப்பாளரைக் கேட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பலவீனம் கண்காணிப்பாளருக்கு இல்லை. 'பொருள் மற்றும் பயன்பாட்டு ஆய்வுக் குழு' உதயமானது.

குழுவுக்கு மரச்சாமான் போதவில்லை. முழங்கால் வலிக்காக அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து மாடிப்படி அடியில் போட்டிருந்த ஸ்டூலும் 'தற்காலிகமாக' எடுத்துக்கொள்ளப்பட்டது. அதன்மேல் பிஸ்கட் தட்டு அமர்ந்தது.

தட்டச்சருக்கு அந்த ஸ்டூலைத் தெரியும். மகள் பிறந்த அன்று, "கால் நடுங்குது பாருங்க தம்பி, உட்காருங்க" என்று அவரை அதில் உட்காரவைத்துவிட்டு, அக்கா பகல் முழுக்க நின்றாள்.

மூன்றாம் கூட்டத்துக்கு லத்தீன் வாத்தியார் வந்தார்.

"இது பெண்பால் பெயர்ச்சொல். அக்கறை, கவனிப்புன்னு பொருள்."

"பெண்பாலா?" கண்காணிப்பாளர் முகம் இருண்டது. "அப்ப ஆண் ஊழியர்களுக்கு இது பொருந்துமா?"

"துணைக்குழு போட்டுரலாங்க," என்றார் மேலாளர்.

கதவருகே அக்கா வந்து நின்றாள். "ஐயா, என் ஸ்டூலு… முட்டி வீங்கிப்போச்சு."

"விண்ணப்பம் குடுத்தியா?" என்றார் கண்காணிப்பாளர்.

"மூணு குடுத்தாச்சுங்க."

"அப்ப பரிசீலனையில இருக்கும். கதவைச் சாத்திட்டுப் போம்மா, அக்கறையைப் பத்திப் பேசிட்டிருக்கோம்ல."

தட்டச்சர் தலைகுனிந்து குறிப்பெடுத்தார்.

அறிக்கை நாற்பது பக்கம். 'பொருள்' முப்பத்தொன்பது பக்கங்களில் பொங்கி வழிந்தது. 'பயன்பாடு' பகுதிக்கு இம்மருத்துவமனையிலிருந்தே ஓர் உதாரணம் வேண்டும் என்றார் வாத்தியார். எல்லோரும் யோசித்தார்கள். பிஸ்கட் தீர்ந்தது. கடைசிப் பக்கம் தலைப்போடு வெறுமையாக விடப்பட்டு, அறிக்கை ஒருமனதாக ஏற்கப்பட்டது.

மறுநாள் தட்டச்சர் எல்லோருக்கும் முன்பே வந்தார். தட்டை இறக்கிவைத்துவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படி அடியில் போட்டார். கடவுளைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஸ்டூலின் ஒரு கால் ஆடியது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து, நாலாக மடித்து அதன் அடியில் செருகினார். ஆட்டம் நின்றது.

நாற்பது பக்கத்தில் ஒரு மனுஷிக்குப் பயன்பட்டது, அவர்கள் எதுவுமே எழுதாத அந்தப் பக்கம்தான்.