மூன்று நாள் முருங்கைக்கீரையும் ஐந்து லிட்டர் கேனும்

தேதியும் மணியும் போட்டு எழுதிவிட்டால் எந்தப் பொய்யையும் ஜனங்கள் நம்பிவிடுவார்கள். ‘ஒருநாள் கீரை சாப்பிட்டேன்’ என்றால் சிரிப்பார்கள். ‘சனிக்கிழமை மதியம் ஒன்று பத்துக்குக் கீரை சாப்பிட்டேன்’ என்றால், பாவம், உண்மைதான் போலிருக்கிறது என்று தலையாட்டுவார்கள். பன்னிரண்டு வருடமாக ஒருநாள் விடாமல் குறிப்பேடு எழுதுகிறவள், கையில் கிடைக்கும் பழைய குறிப்பேடுகளையெல்லாம் படிக்கிறவள் சொல்கிறேன், நம்பலாம். (நம்பவேண்டாம் என்பார்கள் என் வீட்டில். காரணம் கீழே வருகிறது.)

எங்கள் சபையில் யாருக்கு எப்போது ஞானஸ்நானம், எந்த மழைக்குத் தூத்துக்குடி மில்லர்புரத்தில் எந்தத் தெருவரை தண்ணீர் நின்றது என்பதையெல்லாம் இன்று என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். ஆனால் நான் எழுதிய முதல் குறிப்பேடு மூன்றே நாள் நீளம். அதில் உண்மையாக இருந்தது என் பெயர் மட்டும்தான்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ பரீட்சை முடிந்த மே மாதம். எடை எண்பத்தாறு கிலோ. உயரம் வேண்டாம். (“நிக்க வச்சு அளந்தாலும் படுக்க வச்சு அளந்தாலும் ஒண்ணுதான்” என்பான் என் அண்ணன் ராபின்.) திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாறு படிக்க இடம் கிடைத்திருந்தது. கூடவே ஹாஸ்டல். படிப்பைவிட ஹாஸ்டல்தான் எனக்கு முக்கியம். என் தட்டை யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஊர் என்று அதைக் கனவு கண்டிருந்தேன்.

அம்மா பள்ளிக்கூட ஆசிரியை. கனவுகளைத் திருத்தி மார்க் போடும் பழக்கம் உண்டு.

“வாயக் கட்டத் தெரியாதவளுக்கு ஹாஸ்டல் எதுக்குளா? போன வாரம் ரத்தம் எடுத்து என்ன சொன்னாவ? சுகரு வாசப்படியில நிக்குன்னு சொன்னாவளா இல்லியா? அங்க போனா உள்ள கூட்டிட்டு வந்து நாற்காலி போட்டு உக்கார வச்சிருவ.”

அந்த ரத்தப் பரிசோதனை நடந்த ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒருவர் இருந்தார். ஷீபா மேடம், சொந்த ஊர் சாயர்புரம். எடை கூடிய பதின்வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் மறக்கமாட்டேன். தேடிய சிப்பி தானாக நடந்து கரைக்கு வந்தால் முத்துக்குளிக்கிறவருக்கு வரும் சந்தோஷம்.

“புளிப்பு வேற, நான் சொல்ற அமிலம் வேற” என்று எங்களுக்கு விளக்கினார். “எலுமிச்சம்பழம் நாக்குல புளிக்கும். செரிச்ச பிறகு அது அமிலத்துக்கு எதிரான காரப் பக்கம்தான் சேரும். கறி, மீன், முட்டை, பரோட்டா இதெல்லாம் புளிக்காது. ஆனா செரிச்ச பிறகு அமிலம் மிஞ்சும், அத கிட்னி வெளிய தள்ளும். காய், கீரை, பழம் தின்னா அமிலம் குறையும். இப்பிடி அமிலம் கூடுன சாப்பாட்டுக்கும், குண்டா இருக்க பிள்ளைகளோட சுகரு, கொழுப்பு, பிரஷருக்கும் சம்பந்தம் இருக்கான்னு பாக்கோம்.”

“இருக்கா மேடம்?” என்றார் அம்மா.

“அது தெரிஞ்சா நான் எதுக்கு டீச்சர் ஊரெல்லாம் கேன் குடுத்து அனுப்புதேன்?”

கேன் என்றது ஐந்து லிட்டர் வெள்ளை கேன். ஞாயிறு காலை ஏழிலிருந்து திங்கள் காலை ஏழுவரை நான் கழிக்கும் சிறுநீர் முழுவதும் ஒரு சொட்டு விடாமல் அதில் சேரவேண்டும். திங்கள் காலை கேனைக் கொடுக்கவேண்டும். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் சாப்பிட்டதை மணியோடு நோட்டில் எழுதி, செவ்வாய் அன்று நோட்டைக் கொடுக்கவேண்டும்.

“எப்பவும் என்ன சாப்பிடுவியோ அதையே சாப்பிடு. அதையே எழுது” என்று மேடம் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லியிருந்தால் ஒருவேளை என் காதில் விழுந்திருக்கும். ஆனால் அதற்குள் அம்மா வாயைத் திறந்துவிட்டார்.

“நல்லதாப் போச்சு. இந்த நோட்டப் பாத்துட்டு மேடம் ‘இவ பரவால்ல’ன்னு சொல்லட்டும், உன்ன ஹாஸ்டலுக்கு விடுதேன்.”

அந்த நொடியில் ஆராய்ச்சி எனக்குப் பரீட்சையாகிவிட்டது.

சனிக்கிழமை மதியம் அம்மா சர்ச்சுக்குப் போய்விட்டார். மறுநாள் எங்கள் சபையில் அசனம், அதாவது ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் சபை விருந்து. அதற்கு உள்ளி உரிக்கப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். சாளை மீன் பொரியலுடன் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு எழுந்தபோது மூன்று நாள் நோட்டும் தயார். சனி, ஞாயிறு, திங்கள், காலை முதல் இரவு வரை.

ஏனோதானோ வேலை இல்லை. சனிக்கு நீலப் பேனா, ஞாயிறுக்குக் கறுப்பு, திங்களுக்கு மறுபடி நீலம், ஆனால் கொஞ்சம் தேய்ந்த நீலம். ஒரு மணி என்று எங்கேயும் எழுதவில்லை. ஒன்று ஐந்து, ஒன்று பத்து, ஒன்று பன்னிரண்டு. திங்கட்கிழமைப் பக்கத்தில், நம்பிக்கை வரட்டும் என்று, முருங்கை இலையைக் கசக்கி ஒரு பச்சைக் கறைகூட வைத்தேன்.

ராபின் தோளுக்கு மேலே எட்டிப் படித்தான்.

“ஏளா, மூணு நாளும் முருங்கக்கீரையா? ஆட்டுக்குட்டிகூட நடுவுல ஒருநாள் போஸ்டர் திங்குமேளா.”

“போலே. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

ஆறரை மணிக்கு அவனே பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவந்தான். நான்கு பரோட்டா என் பங்கு.

“இத நோட்டுல எங்கன எழுதப்போற?”

“இது நடந்ததுக்கு ஆதாரம் இருக்கா?” என்றேன். (வரலாறு படிக்க இடம் கிடைத்த மிதப்பு.)

“கேன் இருக்கேளா. நோட்டுல நீ எழுதுவ. கேன்ல யாரு எழுதுவா? வேணும்னா என்னத ஊத்தித் தாரேன். நான் ஒல்லிதான?”

கையிலிருந்த பரோட்டாவைத் தட்டில் வைத்தேன். அவனும் அதே பரோட்டாவைத் தின்றுகொண்டிருந்ததால் அவன் தானம் பயன்படாது என்று கண்டுபிடிக்கும் அளவுக்கு எனக்கு விஞ்ஞானம் தெரிந்திருந்தது. பழம் தின்றால் அமிலம் குறையும் என்றுதானே மேடம் சொன்னார்? ஞாயிறு காலை ஏழு மணி தாண்டியதும் மூன்று இளநீர், பாதி தர்பூசணி, நான்கு வாழைப்பழம் உள்ளே போயின. அமிலம் குறைந்ததோ இல்லையோ, கேன் மளமளவென்று நிறைந்தது. பத்து மணிக்கே பாதி. வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் முடியாது. அரைமணிக்கு ஒருதரம் எனக்கு அது வேண்டியிருந்தது. கேன் சூடாகக் கூடாது என்று மேடம் சொல்லியிருந்ததால் அதைச் சுற்றி ஐஸ் கட்டிகளை அடுக்கி, கட்டைப்பையில் வைத்து, சர்ச்சுக்கே தூக்கிக்கொண்டு போனேன்.

ஆராதனை முடிந்து அசனப் பந்தலுக்கு வந்ததும் பையைத் தூணோரம் வைத்தேன். எங்கள் சபையில் அசனச் சமையலுக்குப் பொறுப்பு தங்கராஜ் அண்ணாச்சி. வீடுகளிலிருந்து காணிக்கையாக வரும் தயிர், மோர், நெய்யை வாங்கிச் சேர்ப்பதும் அவர்தான். ஐஸ் வைத்த வெள்ளை கேன் ஒன்று தூணோரம் தனியாக இருந்தால் அவர் வேறு என்ன நினைப்பார்?

“யாரு வீட்டு மோரு பிள்ள இது? டீச்சர் குடுத்துவிட்டாவளா?”

“ஐயோ அண்ணாச்சி, அது மோரு இல்ல!”

“பின்ன நெய்யா? ஆண்டவருக்குத் தோத்திரம்” என்று தூக்கிக்கொண்டு நடந்தே விட்டார்.

நான் ஓடினேன். நான் ஓடி அதுவரை சபையில் யாரும் பார்த்ததில்லை. போதகர் பந்திக்கு முன் செய்கிற ஜெபத்தை நிறுத்திக் கண்ணைத் திறந்தார். (என் ஆயுளில் ஒரு ஜெபத்தை நிறுத்தியது அந்த ஒருதரம்தான்.) மோர் அண்டாவுக்கு அருகே நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணாச்சி மூடியைத் திறந்து, பொறுப்பான மனிதர் ஆகையால், முதலில் மோந்து பார்த்தார்.

“அடடா, மோரு புளிச்சுப்போச்சே பிள்ள!”

“குடுங்க அண்ணாச்சி. அது ஆஸ்பத்திரிக்கு.”

“ஆஸ்பத்திரிக்கு எதுக்கு புளிச்ச மோரு?”

என் முகமும் கேனின் நிறமும் சேர்ந்து மெதுவாக அவருக்குப் பதில் சொல்லின. கேனை அப்படியே தரையில் வைத்தார். பிறகு அவர் கை கழுவினார். ஒருவர் அவ்வளவு நேரம் கை கழுவி நான் பார்த்ததே இல்லை.

அந்த அவமானத்துக்கு ஆறுதல் வேண்டாமா? பந்தியில் உட்கார்ந்து மூன்று தடவை கறி வாங்கினேன். மூன்று தடவையும் விளம்பியது அம்மா. அசனத்தில் கறியை மறுக்கும் பாவத்தைச் செய்ய அவர் யாரையும் விடமாட்டார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். நான், அம்மா, அப்பா, கேன். என் திட்டம் சுத்தமாக இருந்தது: இன்று கேன், நாளை நோட்டு. நோட்டு வீட்டில் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கும் காகிதத்தில் எழுதியிருக்கும் சரக்கும் ஒன்றுதானா என்று மூட்டை மூட்டையாகச் சரிபார்ப்பது அவர் வேலை. மேடம் கேனை வாங்கியதும் அப்பா சட்டைக்குள் கைவிட்டு என் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“பிள்ள மறந்துட்டா மேடம். சரக்கு வரும்போது பேப்பரும் கூட வரணும்லா?”

எழுந்து ஓடலாம் என்று நினைத்தேன். நேற்று ஓடிய ஓட்டத்தில் முழங்கால் இன்னும் வலித்தது.

மேடம் சனிக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினார். “எவ்வளவு அழகா எழுதியிருக்கா! இப்பிடி மணி போட்டு யாருமே எழுதல டீச்சர்.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்த பார்வையில் திருச்சி தெரிந்தது. ஹாஸ்டல் கட்டில்கூடத் தெரிந்தது. சுமார் நாற்பது வினாடி.

மேடம் அமிலம் காட்டும் ஒரு காகிதப் பட்டையைக் கேனில் நனைத்து, நிறம் பார்க்கும் அட்டையோடு வைத்துப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடி பட்டையைப் பார்த்தார்.

“நோட்டு கீரைங்குது. கேன் கறிங்குது. ஒரே ஆளோடதுதானா?”

“என்னோடதுதான் மேடம்” என்றேன். அதுவரை நான் சொன்ன ஒரே உண்மை.

அவர் பக்கத்தைத் திருப்பினார். திங்கட்கிழமை.

“கிறிஸ்டி, இன்னைக்கு என்ன கிழமை?”

“திங்கள் மேடம்.”

“மணி?”

“ஒன்பது ஐம்பது.”

“மதியம் ஒன்று ஐந்து, முருங்கைக்கீரை, வெள்ளரிக்காய்” என்று மேடம் நிதானமாக வாசித்தார். “மாலை நாலு முப்பது, கொய்யாப்பழம் ஒன்று. இரவு ஏழு ஐம்பது, பூசணிக்காய்க் கூட்டு. ‘வயிறு நிறைந்தது, திருப்தி’ன்னு வேற எழுதியிருக்க.”

அப்பா மெதுவாக நோட்டை இழுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார்.

“கப்பலு இன்னும் நடுக்கடல்லயே நிக்கி மேடம்” என்றார். “இவ சரக்க இறக்கி, லாரியில ஏத்தி, லாரியையும் அனுப்பிட்டா.”

அம்மா ஒரு பக்கம் பின்னால் புரட்டினார். “ஞாயிறு, ஒன்று பன்னிரண்டு, வேகவைத்த கேரட்… ஏளா! அசனத்துல நாந்தானளா உனக்குக் கறி விளம்புனேன்! மூணு தடவ விளம்புனேனேளா! பெத்த தாய் கைக்கறியக் கேரட்டுன்னா எழுதுவ?”

மேடத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நான் மார்க் போடக் கேக்கல பிள்ள. நீ நிசமா என்ன திங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு வேல நடக்கும். பரோட்டான்னு எழுதியிருந்தா எனக்கு அது தங்கம். இப்ப நோட்டும் போச்சு, கேனும் போச்சு.” மேஜைக்கு அடியில் குனிந்து இன்னொரு புதுக் கேனை எடுத்து என் மடியில் வைத்தார்.

ஆட்டோவிலிருந்து வீட்டு வாசலில் இறங்கும்போது அம்மா தீர்ப்பு சொன்னார்.

“நாளைக்குத் திங்கப்போறத இன்னைக்கே எழுதுதவ, திருச்சியில இருந்து எனக்கு என்னத்தச் சொல்லுவ? நீ இங்கனயே படி.”

அழுதேன். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன் என்று எழுத ஆசைதான். ஒரு வேளை இருந்தேன். ஹாஸ்டல் போனது போனதுதான். மூன்று வருடம் தூத்துக்குடியிலேயே டவுன் பஸ்ஸில் போய் வரலாறு படித்தேன். அம்மா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸில் தினமும் பாதிக்குக் காய் இருந்தது. இரண்டாவது நோட்டை உண்மையாக எழுதினேன். அப்பா ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மூன்று நாள் முடிந்த பிறகும் எழுதுவதை என்னால் நிறுத்த முடியவில்லை. இன்றுவரை நிறுத்தவில்லை. சுகர் வாசப்படியிலிருந்து இறங்கித் தெருவுக்குப் போக ஒரு வருடம் ஆனது. அது அமிலம் குறைந்ததாலா, பரோட்டா குறைந்ததாலா, டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியதாலா என்று என்னால் சொல்லமுடியாது. அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். சம்பந்தம் இருக்கிறது என்கிறவர்களும் உண்டு, அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்கிறவர்களும் உண்டு. சாப்பிட்டதை எழுதித் தரச் சொல்கிறவர்கள் எல்லோரையும் நினைத்து நான் பரிதாபப்படுகிறேன்.

எங்கள் வீட்டில் இப்போதும் யாரும் என்னிடம் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பதில்லை. ‘எழுதியாச்சா?’ என்றுதான் கேட்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். என் கல்யாணத்தன்று ஆராதனை முடிந்து, சபை முழுக்க எழுந்து நிற்க, போதகர் திருமணப் பதிவேட்டை என் முன்னால் நீட்டினார். நான் பேனாவை எடுத்தேன். அப்பா குறுக்கே கையை நீட்டிப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, விரல் வைத்துப் படித்தார். பக்கத்தில் மைக் இருந்தது அவருக்குத் தெரியாது.

“இன்னைக்குத் தேதிதானய்யா போட்டிருக்கு? பிள்ளைக்குக் கொஞ்சம் முந்தி எழுதுத பழக்கம் உண்டு.”

சர்ச்சே சிரித்தது. கல்யாண வீடியோவில் அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். அது கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.