துண்டு போட்ட நிலம்

உசிலம்பட்டி ரோட்டோரம் கருவேலங்குளத்துப் புறம்போக்கில், நாலு கட்டில் போடுகிற அளவு இடத்தில் ஒச்சம்மாள் குடிசை போட்டு ஏழு வருசம் ஆயிற்று. முள்ளை வெட்டி, கல்லைப் பொறுக்கி, ஒரு முருங்கையும் வைத்து, ஒரு பிள்ளையும் அங்கேயே பெற்றாள். பிறகு பட்டா கேட்டு மனுக் கொடுத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. மனு போன பிறகுதான் அப்படி ஒரு நிலம் இருப்பது ஊருக்கே தெரிந்தது.

நில உரிமைத் தனி விசாரணை அதிகாரி விஸ்வேஸ்வரன் மதுரையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார்.

"உனக்கும் இந்த நிலத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"ஏழு வருசமா இங்கனதான் இருக்கேன் சாமி."

"இருக்கிறது ஆதாரமாகாது. ஆக்கிரமிப்பு பண்றவங்க எல்லாருமே இருக்கத்தானே செய்றாங்க? வேற ஏதாவது?"

வேறு ஏதும் அவளிடம் இல்லை. அரிசி மில் வெள்ளைத்துரையிடம் இருந்தது.

"சார், எங்க முப்பாட்டனுக்கு முப்பாட்டன் பாண்டிய ராசாவுக்காகச் சண்டைக்குப் போகையில, இந்த எடத்துலதான் துண்டப் போட்டுட்டுப் போனாரு. வந்து எடுத்துக்கிறேன்னாரு. இன்னும் வரல."

பூசாரி விருமாண்டி விடுவாரா? "அதுக்கும் முன்னாடியே எங்க ஆத்தா வானத்துல போகையில மஞ்சத் துண்ட இங்க போட்டுட்டா. நேத்து எம்மேல எறங்கிச் சொன்னா."

"இம்புட்டு நாளாச் சொல்லலையாக்கும்?" என்றாள் ஒச்சம்மாள்.

"நீ மனுக் கொடுத்ததே போன வாரந்தான?"

அதிகாரி யோசித்தார். வெள்ளைத்துரை கேட்டார்: "டவுன் பஸ்ஸுல ஜன்னல் வழியாத் துண்டு போட்ட சீட்டுல யாராச்சும் உக்காருவமா சார்?"

உட்கார மாட்டோம்தான். அதிகாரிக்கு இந்த நியாயம் மிகவும் பிடித்துப்போயிற்று. ஆபீசில் பத்தொன்பது வருசமாக அவருக்குப் பதில் நாற்காலியில் வேலை பார்த்து வந்ததும் ஒரு பூந்துண்டுதான்.

"மேற்படி துண்டுகளை நாளை ஆஜர்படுத்தவும்."

மறுநாள் துண்டுகள் ஆஜராயின. முப்பாட்டன் துண்டில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு அப்படியே இருந்தது. 'நன்கு பேணிப் பாதுகாக்கப்பட்டுள்ளது' என்று அதிகாரி எழுதினார். ஆத்தா துண்டில் மஞ்சள் இன்னும் காயவில்லை. 'தெய்வத்தன்மை குன்றாமல் உள்ளது' என்று எழுதினார். நிலம் ஆளுக்குப் பாதி. எல்லைக்கோடு ஒச்சம்மாளின் அடுப்பு நடுவே போயிற்று. அவள் ஏழு நாளில் காலி செய்ய வேண்டியது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரை ஆபீசுக்கு ஓடினாள்.

"ஐயா இருக்காருங்களா?"

"இருக்காரே. நாற்காலியில துண்டு கெடக்கு பாரு" என்றார் பியூன் பிச்சுமணி.

"ஆளக் காணமே?"

"ஆளும் இருக்கணும்னு எந்த ஜி.ஓ.வுல போட்டிருக்கு?"

மூன்று நாள் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். நாலாம் நாள் பிள்ளை தரையை நனைத்துவிட்டது. பதறிப்போய், கைக்கு எட்டின பூந்துண்டாலேயே துடைத்து, அதை அலசிக் காயப்போட்டாள். நாற்காலி வெறுமனே கிடக்க வேண்டாமே என்று பிள்ளைத் துணியை அதன்மேல் விரித்தாள்.

டீ குடித்துவிட்டு வந்த பிச்சுமணி நின்றுவிட்டார்.

"இது யாரோடது?"

"எம் புள்ளயோடதுங்க."

பிச்சுமணி நிமிர்ந்து ஒரு சலாம் வைத்தார். "அம்மா, காலையிலேர்ந்து நாலு பைல் கையெழுத்துக்கு நிக்குது."

மேலே இருந்தது அவளுடைய பட்டா மனு பைல். மூணாப்பு வரை படித்தவள். தன் பெயர் எழுத வரும். எழுதினாள். பிச்சுமணி முத்திரை குத்தினார்.

மத்தியானம் விஸ்வேஸ்வரன் வந்து பார்த்துவிட்டு அலறினார். "யோவ், பத்தொன்பது வருசமா இங்கதான்யா இருக்கேன்!"

"இருக்கிறது ஆதாரமாகாதுன்னு இந்த பைல்ல நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?" என்றார் பிச்சுமணி. " வெளி பெஞ்சுல உக்காந்து மனுவா எழுதிக் குடுங்க."

ஒச்சம்மாள் பட்டாவை மடியில் கட்டிக்கொண்டு, காயப்போட்ட பூந்துண்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

முருங்கையடியில் தங்கப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அவள் குடிசையை, ரோடு அகலப்படுத்தவென்று பிடுங்கிவிட்டார்களாம். இடுப்பில் பிள்ளை.

"கொஞ்ச நாளைக்கு இந்த ஓரமா இருந்துக்கிறேன்க்கா. சும்மாதான கெடக்கு?"

ஒச்சம்மாள் அவளைப் பார்த்தாள். அவள் பிள்ளையையும் பார்த்தாள். பிறகு பூந்துண்டை உதறி முருங்கையடியில் போட்டாள்.

"எந்திரிடி. துண்டு கெடக்கிறது கண்ணு தெரியலையா? எங்க முப்பாட்டன் போட்டுட்டுப் போனது."

துண்டு இன்னும் காயவில்லை.