கார் அண்ணனுக்கு, ஹேண்டில் தம்பிக்கு

காருக்கு அடியிலிருந்து செல்லப்பாண்டியின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சுருளிவேல் அந்தக் கால்களோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

"சத்தம் எங்கனயிருந்து வருது?"

"பின்னாடியிருந்து அண்ணே. ஆட்டினா 'கடக்'குங்குது. ஆக்ஸில்தான்."

"நேத்து ஸ்பிரிங்குன்னு சொன்னியே?"

"நேத்து ஸ்பிரிங்காத்தான் இருந்துச்சு."

செல்லப்பாண்டி பஸ் ஓட்டியவர். கண்ணில் பூ விழுந்து பஸ் ஓட்ட முடியாமல் போன பிறகு மெக்கானிக் ஆகிவிட்டார். தேனியில் அவரை விட்டால் அப்போது வேறு ஆள் இல்லை.

வியாழக்கிழமை காலை ரயிலுக்குள் இந்தக் கார் ஓடியாக வேண்டும். அன்றைக்குத்தான் தம்பி நல்லகண்ணு உலகப் போருக்காகப் பட்டாளத்தில் லாரி ஓட்டப் புறப்படுகிறான். சண்டைக்குப் போகிறவனை ஸ்டேஷன் வரைக்கும் இந்தக் காரில் கொண்டுபோய் விட வேண்டும் என்று சுருளிவேலுக்கு ஆசை. அண்ணனும் தம்பியும் பேசி ஆறு மாதம் ஆகிறது. நேரில் போய்ப் பேச வீம்பு விடவில்லை. தம்பி வாசலில் காரை நிறுத்தி ஹார்ன் அடித்தால் போதும், அவனே வந்து ஏறிக்கொள்வான் என்று நினைத்தார். தம்பி வீடு ஒன்றும் தூரத்தில் இல்லை. எதிர்ச்சாரியில்தான் இருந்தது. நடந்தால் இருபது தப்படி.

அது இருவரும் சேர்ந்து உருவாக்கிய கார். சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துப் போட்ட இரண்டு சீட்டு வண்டி, கூரை கிடையாது. மலையிலிருந்து துண்டு துண்டாக மாட்டுவண்டியில் இறக்கி, தொழுவத்தில் வைத்து இரண்டு வருடம் துருவைச் சுரண்டினார்கள். சீட்டுக்கு இலவம்பஞ்சு அடைத்தார்கள். பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். ஏலக்காய்ப் பச்சையில் பெயிண்ட் அடித்தார்கள்.

சுருளிவேல் ஓட்டுவார். பக்கத்தில் அவர் மனைவி கஸ்தூரியம்மாள். என்ஜினைக் கிளப்ப நல்லகண்ணு முன்னால் நின்று, இரும்புக் கம்பியைச் செருகி முறுக்கி ஹேண்டில் போடுவான். என்ஜின் உறுமியதும் ஹேண்டிலை உருவிக்கொண்டு பின்னால் ஓடி, டிக்கிக்குள் குதித்து உட்காருவான். மூடியைத் தூக்கினால் ஓர் ஆள் உட்காரும் பள்ளம், அதுதான் டிக்கி. கார் நகர்ந்த பிறகுதான் குதிப்பான். அதைப் பார்க்கவே தெருவில் ஆட்கள் நிற்பார்கள்.

தை மாதம் பாகம் பிரித்தபோது வயலும் தோப்பும் அண்டாவும் சண்டையில்லாமல் பிரிந்தன. சண்டை காரில் வந்தது. கார் மூத்தவனுக்கு என்றார்கள் பெரியவர்கள்.

"அப்ப ஹேண்டில் எனக்கு! அத முறுக்கினது நான்தான?" என்று நல்லகண்ணு ஹேண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டான்.

"கொண்டுபோயி அதுல கரும்பு ஆட்டுலே!" என்று கத்தினார் சுருளிவேல்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக ஆசாரியைக் கூட்டிவந்து டிக்கி மூடியில் வரிசையாக ஆணி அடிக்கச் சொன்னார்.

"இனிமே இதுல யாரும் ஒக்கார வேண்டாமா?" என்று கேட்டார் ஆசாரி.

"ஒக்கார எவன் இருக்கான்?" எதிர்வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த தம்பிக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னார். ஆணிக்கு மேல் தேக்குப் பலகை, பலகைக்கு மேல் பச்சைப் பெயிண்ட். வேலை சுத்தமாக முடிந்தது.

கோபம் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது. வீம்புதான் தீரவில்லை.

செல்லப்பாண்டி ஆக்ஸிலைக் கழற்றி மாட்டினார். நாலு நட்டு மிச்சம் வந்தது.

"இது எதுக்கு?"

"கூடுதலாப் போட்டிருப்பாக அண்ணே."

வண்டியை ஆட்டிப் பார்த்தார்கள். 'கடக்' அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை, கொல்லரிடம் மாட்டுவண்டி அச்சை வளைத்துப் புது ஹேண்டில் செய்து வந்தார் சுருளிவேல். அது சேர்ந்தும் சேராமலும் மாட்டியது. முக்கித் திருகினார். ஹேண்டில் திருப்பி அடித்தது. வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டார்கள்.

கஸ்தூரியம்மாள் கஞ்சியை ஊட்டிக்கொண்டே கேட்டாள். "எதிர்த்த வீட்டுல போயி ஹேண்டிலக் கேட்டா வாயி தேஞ்சா போகும்?"

"எடுத்துட்டுப் போனவன் கொண்டாந்து குடுக்கட்டும்."

"கொழுந்தனாரு சண்டைக்குப் போறாக. திரும்பி வர எத்தன வருசமோ. இப்பவும் இந்த வீம்பா?"

"அதுக்குத்தானடி காரு!"

செவ்வாய்க்கிழமை, செல்லப்பாண்டி வேறு யோசனை சொன்னார். மண்ணைக் குவித்து மேடாக்கி, அதில் காரை ஏற்றி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டால், வேண்டும்போது கல்லை எடுத்து உருட்டியே ஸ்டார்ட் செய்யலாம். நாலு ஆள் சேர்ந்து ஏற்றினார்கள்.

புதன்கிழமை மத்தியானம் அது யாருக்கும் சொல்லாமல் இறங்கி வைக்கோல் படப்பில் போய் முட்டியது. ஒரு விளக்கு நொறுங்கியது.

"சக்கரத்துக்கு வச்ச கல்லு எங்க?" என்று கத்தினார் சுருளிவேல்.

"ஊறுகாப் பானை மேல இருக்கு" என்றாள் கஸ்தூரியம்மாள். "கொழுந்தனாருக்குக் குடுத்துவிட நார்த்தங்காய் போட்டேன். மூடிக்குப் பாரம் வேணும்ல?"

வியாழக்கிழமை காலை. எதிர்வாசலில் தகரப்பெட்டியோடு நல்லகண்ணு நின்றுகொண்டிருந்தான். புறப்படுகிறவன் நிற்கிற மாதிரி இல்லை. யாருக்கோ காத்திருக்கிற மாதிரி இருந்தது.

சுருளிவேல் காரின் முன்னால் இரண்டு காளைகளைப் பூட்டச் சொன்னார். காளைகள் இழுக்க, சக்கரம் உருள, என்ஜின் பிடித்துக்கொள்ளும் என்பது செல்லப்பாண்டியின் கடைசி யோசனை. இடது கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பக்கத்து சீட்டைத் துண்டால் துடைத்து வைத்தார். இந்தத் தடவை தம்பிக்கு முன் சீட்டு.

சொன்னபடியே என்ஜின் பிடித்துக்கொண்டது. ஆறு மாதமாகப் பேசாமல் இருந்த என்ஜின் மொத்தத்தையும் ஒரேயடியாகப் பேசிவிட்டது. பிறந்ததிலிருந்து அப்படியொரு சத்தம் கேட்டிராத காளைகள் வாலைத் தூக்கிக்கொண்டு பறந்தன.

தம்பி வாசலில் ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது மட்டும் சுருளிவேலுக்கு மறக்கவில்லை. முழங்கையால் அழுத்தினார். கார் நிற்கவில்லை, ஹார்னும் நிற்கவில்லை. கையசைக்கவும் வழியில்லை; ஒரு கை ஸ்டீரிங்கில், இன்னொரு கை கட்டுக்குள். தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரடி முன்னால் வந்தது தெரிந்தது. பிறகு புழுதிதான் தெரிந்தது.

தெருக்கோடி வாய்க்காலில் கார் இறங்கி அணைந்தது. காளைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு பெரியகுளம் பக்கமாகப் போய்விட்டன. இறங்கிய வேகத்தில் பின்னாலிருந்து கடைசியாக ஒரு 'கடக்' கேட்டது.

சேறும் சகதியுமாக அவர் நடந்து வந்தபோது எதிர்வாசல் காலியாக இருந்தது. ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. சுருளிவேல் நடுத்தெருவில் நின்று அழுதார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் தம்பி வீட்டுப் படியேறினார்.

கதவுக்குப் பின்னால் தம்பி மனைவி சுப்புத்தாயின் வளையல் சத்தம் கேட்டது. கல்யாணமாகி வந்த எட்டு வருடத்தில், கணவனின் அண்ணன் என்ற மரியாதைக்காக, அவள் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ஆத்தா, தப்பு எம்மேலதான்" என்றார் சுருளிவேல். "அந்த ஹேண்டில மட்டும் எடுத்துக் குடு. அவன் லீவுல வர்ற அன்னைக்காவது நான் ஸ்டேஷன்ல காரோட நிக்கணும்."

சுப்புத்தாய் கதவைத் திறந்து வெளியே வந்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஹேண்டில் எங்ககிட்ட ஏது மாமா? பாகம் பிரிச்ச அன்னைக்குப் பொழுது சாயவே அவுக அத ஒங்க டிக்கிக்குள்ள வச்சுட்டு, நாளைக்கு ஹேண்டில் போட அண்ணன் கூப்பிடுவாகன்னு வந்து படுத்தாக. விடிஞ்சு பாத்தா, நீங்க அதுக்கு மேல ஆணி அடிச்சுக்கிட்டு இருந்தீக."